காரணம் எழுதாத தாள்

மைதா மாவு வேகும் வாசனை. கூடவே, பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் போடும் மயில்துத்தம் கரையும்போது எழுகிற கசப்பு, நாக்குக்கு அடியில் செப்புக் காசை ஒதுக்கி வைத்ததைப் போல. சென்ற வாரம் எங்கள் தெருமுனையில் சுவரொட்டி ஒட்ட வந்தவர்கள் மூன்று கல்லைக் கூட்டித் தகர டின்னில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பால் வாங்கப் போன நான் பால் வாங்காமல் திரும்பினேன். வீட்டில் கேட்டதற்குக் கடை அடைத்திருந்தது என்று சொன்னேன். கடை திறந்துதான் இருந்தது. அந்த வாசனை என்னைக் கோவில்பட்டிக்கு, ஒரு தீப்பெட்டி ஆபீஸின் லேபிள் கொட்டகைக்கு, அங்கிருந்து ஒரு மனிதரின் முகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்த முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் பேச முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து நான்கு வயது. கொட்டகையில் லேபிள் கட்டுகளைப் பிரித்துக் கொடுப்பதும், கோணலாக ஒட்டியதைச் சரிசெய்வதும் என் வேலை. கோணல் லேபிளைக் கிழிக்கக் கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு, மனசுக்குள் நூறு எண்ணும்வரை ஊறவிட்டு, ஈர்க்குச்சியால் ஓரத்தைக் கிளப்பினால் தாள் முழுசாகக் கழன்று வரும். அதில் எனக்குக் கைவாகு இருந்தது. "சார் உரிச்சா லேபிளுக்கே தெரியாது" என்பார்கள் கொட்டகைப் பெண்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. அந்த விரல்கள்தான் இவை. இப்போது இதை எழுதுவதும் இவைதான்.

வேலை தவிர்த்த நேரமெல்லாம் எனக்கு நோட்டு. சுற்று நோட்டு என்றோம் அதை. காக்கி அட்டை போட்டுத் தைத்த தடித்த நோட்டு, கோவில்பட்டியில் புறப்பட்டு, புதியம்புத்தூர், விளாத்திகுளம், புதூர் என்று பஸ் பஸ்ஸாக மாறி, மாதம் ஒரு முறை என்னிடமே திரும்பி வரும். இருபத்தாறு பேர் அதில் எழுதினோம். கவிதை எழுதினார்கள், பருத்தியில் விழுந்த பூச்சியைப் பற்றி எழுதினார்கள், பார்த்த படத்தைத் திட்டினார்கள், கடவுள் உண்டா இல்லையா என்று பதினோரு பக்கம் சண்டை போட்டார்கள். பதில் சொல்ல நினைப்பவர் ஓரத்தில் இருக்கும் வெற்றிடத்தில் எழுதலாம். பெயர் கிடையாது. ஆளுக்கு ஒரு எண். பெயரை எடுத்துவிட்டால் சாதி போகும், ஊர் போகும், ஆணா பெண்ணா என்பதும் போகும், எழுத்து மட்டும் நிற்கும் என்று நம்பினேன். அந்த வயதில் அப்படி நம்பாமல் வேறு எதை நம்புவது.

நோட்டைக் கொண்டுபோனவர்கள் கண்டக்டர்கள். புதியம்புத்தூர் வழி போகும் பஸ்ஸில் ஒரு அண்ணாச்சி இருந்தார். பொட்டலத்தை வாங்கி டிக்கெட் பைக்கு அடியில் வைத்துக்கொண்டே கேட்பார்: "என்னத்தத்தான் எழுதுதீங்க இதுல? ஒரு தடவையாவது எம் பஸ்ஸப் பத்தி எழுதுங்க. மேட்டுல ஏற மாட்டேங்குதுன்னாவது எழுதுங்க."

நோட்டுக்கு மூன்று பொறுப்பாளர்கள். ஆரம்பித்தவன் நான். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் இடத்தில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர் இரண்டாமவர். மூன்றாமவர் புதூரை அடுத்த ஒரு ஊரில் பகுதிநேர நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஒல்லி, வெயிலோ மழையோ கையில் குடை. நாங்கள் ஒருவரை ஒருவர் "வே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவர் நூலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மிளகாய்க் காட்டிலிருந்து நேரே வருகிறவர்கள். "எங்க ஊருல துப்பறியும் கதைய வாசிச்சாலும் தும்மலு வரும்வே" என்பார். அவர் சிரித்தால் முதலில் தோள்தான் குலுங்கும். சத்தம் பிறகு வரும்.

யாரையாவது புண்படுத்தும்படி ஒன்று எழுதப்பட்டால் என்ன செய்வது என்று ஆரம்பத்திலேயே பேசினோம். பக்கத்தைக் கிழிப்பதில்லை. தைத்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் அதன் மறுபாதியும் உதிரும். அதனால் மேலே காக்கித் தாளை ஒட்டி மறைப்பது என்று முடிவு. பசைக்கு எங்கள் கொட்டகை இருந்தது. ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொடுத்தனுப்புவேன். முதல் வருஷமே கட்டிங் மாஸ்டர் ஒரு காதல் கவிதையை மறைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "நல்லால்ல. அதான்" என்றார். அவருக்கு அது போதுமான காரணம். அன்றைக்கு நான் ஒரு விதி எழுதினேன், நோட்டின் முதல் பக்கத்தில், சிவப்பு மசியில்: எதை மறைத்தாலும் மறைத்த தாளின் மேல் காரணம் எழுத வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட்டோம். புதூர்க்காரர் போடும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தார். "எழுத முடியாத காரணம் வந்தா?" என்று கேட்டார். அப்படி ஒன்று வராது என்றேன். தயங்காமல் சொன்னேன்.

ஒரு தை மாதக் கடைசியில் வந்தது.

சுற்று முடிந்து நோட்டு என் கைக்குத் திரும்பியபோது ஒன்றரைப் பக்கம் மூடியிருந்தது. நாலு ஓரமும் பிசிறில்லாமல், சுருக்கமில்லாமல், அவர் வேலை. கீழே பதினேழு என்ற எண் மட்டும் வெளியே தெரிந்தது. பதினேழைச் சேர்த்தது அவர். யார் என்று எனக்குத் தெரியாது. காக்கித் தாளின் மேல் ஒரு எழுத்துக்கூட இல்லை.

அந்த வாரமே புத்தகம் எடுக்க அவர் கோவில்பட்டிக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"காரணம் எழுதலயே வே" என்றேன்.

"எழுத ஏலாது."

"விதி இருக்குல்லா."

"இருக்கு. எழுதுனா ஒட்டுனதுக்கு என்ன அர்த்தம்?"

"சரி, நோட்டுல வேண்டாம். எங்கிட்ட வாயால சொல்லும்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறிய பிறகும் ஆற்றினார். "ஒரு ஆளுகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். நீரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். கேக்காம இருந்தா நல்லாருக்கும்."

"அப்ப நான் எதுக்குவே இருக்கேன்?"

"நோட்டு வாங்கிக் குடுக்கதுக்கு."

தோள் குலுங்கியது, சத்தம் வந்தது. அவருக்கு அது விளையாட்டு. கடைக்காரரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆரம்பித்தவன் நான், பஸ் பஸ்ஸாக அலைந்தவன் நான், பசைகூட என்னுடையது. அவர் எழுந்து போகும்போது என் முழங்கையைத் தொட்டு, "ஒரு சுத்துப் போகட்டும். பொறவு நானே வந்து சொல்லுதேன்" என்றார். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக அந்த ஒரு மாதத்தை நான் திரும்பத் திரும்பப் பொறுத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைவரைகூடப் பொறுமை இருக்கவில்லை.

ஞாயிறு மத்தியானம். கொட்டகையில் யாருமில்லை. தகரக் கூரை வெயிலில் விட்டு விட்டுச் சொடுக்கியது. நோட்டை விரித்தேன். ஈரத்துணி. நூறு எண்ணினேன். எண்ணும்போது நடுவில் ஒரு தரம் நிறுத்தினேன், அறுபதிலோ எழுபதிலோ. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு மிச்சத்தையும் எண்ணினேன். ஈர்க்குச்சியை ஓரத்தில் நுழைத்ததும் தாள் முழுசாக எழும்பி வந்தது. அடியில் பால்பாயிண்ட் பேனாவின் நீல எழுத்து ஈரத்தில் கலையாமல் இருந்தது.

வாசித்தேன். அந்த நோட்டில் அதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. ஒரு பெண். மிளகாய்ப் பழம் எடுக்கும்போது விரல் எரிகிற எரிச்சலை எழுதியிருந்தாள். கண்ணைக் கசக்க முடியாததால் அழவும் முடியாத ஒரு நாளை எழுதியிருந்தாள். தாய்மாமன் வீட்டில் தன்னைக் கேட்டு வந்திருப்பதையும், தனக்கு அதில் விருப்பம் இல்லை என்பதையும், கடைசிப் பழ எடுப்பு முடிந்த மறுநாள் முதல் பஸ்ஸில் புதியம்புத்தூர் போய்த் தையல் வேலையில் சேரப்போவதையும் எழுதியிருந்தாள். அங்கே ஒரு சிநேகிதி இடம் பார்த்து வைத்திருக்கிறாள். "இதை யாரிடமும் சொல்லவில்லை. வலது கொம்பு முறிந்த எங்கள் மயிலைக் காளையிடம் மட்டும் சொன்னேன். அது தலையை ஆட்டியது. ஈ விரட்டுவதற்காகவும் இருக்கலாம்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதையா மறைத்தார். என் கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. பெயர் இல்லை, ஊர் இல்லை, பதினேழு என்ற எண்தான் இருக்கிறது, இதில் யாருக்கு என்ன வந்துவிடும். நான் டவுன்காரன். கரிசல் காட்டு ஊர்களில் ஆளைவிட மாட்டை அடையாளம் தெரிந்தவர்கள் அதிகம் என்பது எனக்குத் தெரியவில்லை. ஒரு காளை எந்த ஓடையில் வண்டி சாய்ந்து கொம்பை முறித்துக்கொண்டது, அது யார் வீட்டுக் காளை என்று நாலு ஊர் சொல்லும்.

அத்தோடு நிறுத்தியிருந்தால்கூட மறுபடி ஒட்டியிருக்கலாம். நான் சிவப்பு மசிப் பேனாவை எடுத்தேன். அந்தப் பக்கத்துக்குக் கீழே எழுதினேன்: காரணம் சொல்லாத மறைப்பு இந்த நோட்டுக்கு வேண்டாம். மூன்றாம் பொறுப்பாளர் தம் செயலுக்கு எல்லோரும் பார்க்க இங்கேயே பதில் எழுதட்டும். கீழே கையெழுத்தாக என் எண், ஒன்று. எழுதி முடித்ததும் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை கண்டக்டர் அண்ணாச்சியிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன்.

பொறுப்பில் இருக்கிறவர்களுக்குள் சண்டை வரலாம். வராமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அந்தச் சண்டையை இரண்டு டீ கிளாஸுக்கு நடுவில் போட வேண்டும். இருபத்தாறு பேர் முன்னால் ஒருவரை நிறுத்திப் பதில் சொல்லச் சொன்னால், அவர் வாயைத் திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம். அவர் கையில் இருப்பது அடுத்தவருடைய ரகசியமாக இருந்தால் மூடித்தான் இருப்பார். இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன, இப்போது என்னிடம் நோட்டும் இல்லை, பொறுப்பாளர்களும் இல்லை.

மாசி நடுவில், ஒரு மத்தியானம், கொட்டகையில் லேபிள் ஒட்டும் ஒரு அக்கா வந்து சொன்னாள்: "சார், ஒங்களத் தேடிப் புஸ்தகக்காரரு வந்திருக்காவ. உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்காவ. வெயில்லயே நிக்காவ."

கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். குடை விரிக்காமல் கையில் இருந்தது. மறுகையில் நோட்டு. சுற்று முடியவில்லை, அவர் பஸ்ஸில் வைத்து அனுப்பவில்லை, தானே கொண்டுவந்திருந்தார். பதில் எழுதியிருப்பார் என்று நினைத்தேன். வாங்கி அங்கேயே நின்று புரட்டினேன். என் சிவப்பு எழுத்தைச் சுற்றி ஓரமெல்லாம் எழுத்து. "சபாஷ் ஒன்று" என்று இருபத்திரண்டாம் எண். "மூன்றாமவருக்குப் பசை அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது" என்று நான்காம் எண். கட்டிங் மாஸ்டர்கூட, "நான் மறைத்தால் குற்றம், அவர் மறைத்தால் ரகசியமா?" என்று கேட்டிருந்தார். ஒருவர் குடை படம் போட்டு, அதன் கீழே ஒரு பக்கத்தை ஒளித்துவைப்பது போல வரைந்திருந்தார். இவர் எதற்கும் பதில் எழுதவில்லை. ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

"விளாத்திகொளத்துல ஒம்பதாம் நம்பரு யாரு?" என்று கேட்டார்.

ஒன்பது நான் சேர்த்த ஆள். மிளகாய்க் கமிஷன் மண்டியில் எழுத்துவேலை பார்ப்பவர். சினிமாப் பாட்டுகளைப் பற்றி ரசித்து ரசித்து எழுதுவார். சொன்னேன்.

"அவருதான் அந்தப் புள்ளையோட தாய்மாமன்."

ஒரு லாரி கடந்து போனது. புழுதி எழுந்து அடங்கியது.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தோம். நடந்துகொண்டே சொன்னார், யாரோ ஒருவர் வீட்டுக் கதையைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல். அந்தப் பெண் நோட்டில் எழுதியது அதுதான் முதல் தடவை, நூலகத்தில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறாள். எழுதி முடித்துப் பழைய பக்கங்களைப் புரட்டும்போது ஒன்பதாம் எண்ணின் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள். மாதாமாதம் வீட்டுக்குக் கடிதம் வரும் கையெழுத்து. மறுநாள் நூலகம் திறக்கும் முன்னே வந்து வாசலில் நின்றிருக்கிறாள். மறைச்சிருங்க சார், யாருட்டயும் சொல்லிராதீங்க, ஒங்ககூடச் சேந்த ஆளுககிட்டகூட. கடைசி எடுப்பு முடிஞ்சு நான் போயிட்டா அதுக்குப் பொறவு யாரும் வாசிச்சுக்கிடட்டும்.

அவர் மறைத்தார். நான் திறந்தேன். நோட்டு புதியம்புத்தூர் போய், விளாத்திகுளத்தில் மாமன் கையில் மூன்று நாள் இருந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் இவர் கைக்கு வந்தது. இவர் பொட்டலத்தைப் பிரித்த அன்றைக்கு அந்தப் பெண் வீட்டில் மாமன் வீட்டார் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பங்குனியிலேயே கல்யாணம். காட்டுக்கும் அனுப்புவதில்லை, நூலகத்துக்கும் தனியே அனுப்புவதில்லை.

அதற்குப் பிறகு நான் நோட்டை எங்கும் அனுப்பவில்லை. எல்லோருக்கும் கார்டு போட்டேன், நின்றுவிட்டது என்று. ஏன் என்று எழுதவில்லை. நானும் காரணம் எழுதாதவனானேன். அவருக்கு மட்டும் எத்தனையோ கார்டு எழுதினேன், ஒரு வருஷம், இரண்டு வருஷம். பதில் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு முறை துணிந்து அந்த ஊருக்கே போனேன். நூலகத்தில் வேறு ஒருவர் இருந்தார். முன்னவர் மாற்றலாகிப் போய் நாளாகிறது, எந்த ஊர் என்று தெரியாது என்றார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். தும்மல் வந்தது. அவர் சொன்னபோது சிரித்திருக்கிறேன். அன்று அந்த மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். புது ஆள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பெண்ணைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு என்ன யோக்கியதை.

ஆக, அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் நோட்டைக் கொண்டுவந்த அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில்தான். புதூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கடலை மிட்டாய் விற்பவன் ஜன்னல் ஜன்னலாகப் போய்க்கொண்டிருந்தான்.

"நானும் வாரேன்வே" என்றேன். "இப்பவே ஒம்மகூட ஏறுதேன். அவிய வீட்டுல போய், எல்லாம் நான் செஞ்ச தப்புன்னு சொல்லுதேன்."

"சொல்லி?"

அவர் பஸ்ஸைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோயில்பட்டியில இருந்து ஒருத்தன் இவளத் தேடி வந்து நிக்கான், இவன் யாருன்னு கேப்பாவ. அதுக்கும் அந்தப் புள்ளதான் பதில் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதுவே. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சா செய்வனா?"

"தெரிஞ்சா செய்ய மாட்டீரு. அது எனக்குத் தெரியும்." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "தெரியாமச் செய்யக் கூடாதுன்னுதானவே ஒரு சுத்துப் பொறுக்கச் சொன்னேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். டிரைவர் இன்னும் ஏறவில்லை.

"முந்தாநேத்து வந்தா" என்றார். "வாங்கிட்டுப் போன புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்க. அவ அம்மையும் கூட வந்திருந்தாவ, வாசல்ல நின்னாவ. புஸ்தகத்த மேசையில வச்சிட்டு, தலைய நிமித்தாம மெதுவாக் கேட்டா, பசை பிடிக்கலயா சார்ன்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"பிடிக்கலம்மான்னேன்."

நான் அவர் கையைப் பிடித்தேன். குடையோடு சேர்த்துத்தான் பிடிக்க முடிந்தது. "அவட்ட மட்டுமாவது உண்மையச் சொல்லிரும்வே. நீரு ஒட்டுன லெச்சணம்னுல்லா நெனச்சிக்கிட்டிருப்பா. பழி ஒம்ம மேல கெடக்கே."

டிரைவர் ஏறி எஞ்சினை உசுப்பினார். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கிவிட்டுப் படியில் ஏறினார். ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து சொன்னார்:

"பசைதான்னு நம்பிக்கிட்டிருக்கா. ஒரு ஆளு செஞ்சதுன்னு தெரியாமலே போகட்டும். அதுலயும் கை வைக்காதீரும்."